பெஞ்ச்மார்க் கருவிக்கு வந்த பேட்ச்சை ரிவ்யூ செய்வது எப்படி

மற்ற மென்பொருளில் பக் இருந்தால் நிரல் விழும், திரை உறையும், யாராவது வந்து கத்துவார்கள். டிஸ்க் வேகத்தை அளக்கும் கருவியில் பக் இருந்தால் பெரும்பாலும் ஒன்றுமே ஆகாது. ஓட்டம் ஒழுங்காக முடியும், ரிப்போர்ட் அழகாக வரும், அதில் ஒரு எண் மட்டும் தப்பாக இருக்கும். அந்த எண்ணை நம்பி ஒருவர் நூறு டிரைவ் வாங்குவார். இன்னொருவர் கெர்னலில் ஒரு மாற்றத்தைச் சேர்ப்பார். அதனால் இந்த வகைக் கருவிக்கு வரும் பேட்ச்சில் (கோடில் செய்ய வேண்டிய மாற்றமாக ஒருவர் அனுப்புவதில்) "கோட் சரியா?" என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி: இந்த பேட்ச்சைப் போட்டால் எந்த எண் மாற வேண்டும், கூடவா குறையவா, எவ்வளவு? எந்த எண்ணெல்லாம் அசையவே கூடாது?

டிஃப்பை (எந்த வரிகள் மாறின என்று காட்டும் பட்டியலை) திறப்பதற்கு முன்பே இதற்கு ஒரு பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஃப்பைப் பார்த்த பிறகு எழுதினால், எழுதியவரின் நியாயமே நம் நியாயமாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். பதில் எழுதவே முடியவில்லை என்றால் கமிட் செய்தி (மாற்றத்தோடு வரும் விளக்கம்) போதவில்லை என்று பொருள். அங்கேயே நிறுத்தி விவரம் கேளுங்கள்.

கீழே சொல்வது எந்தக் கருவிக்கும் பொருந்தும். ஆனாலும் கையில் பிடித்துப் பேச ஒன்று வேண்டும் என்பதால் ஃபியோவை வைத்துக்கொள்வோம். லினக்ஸ் பிளாக் லேயரைப் பராமரிக்கும் யென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது, திறந்த மூலம், பலருக்கும் பழக்கமானது.

கமிட் செய்தி

"லேட்டன்சி கணக்கு சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அது செய்தியே அல்ல. (லேட்டன்சி என்பது ஒரு ஐஓ, அதாவது ஒரு ரீட் அல்லது ரைட், முடிய ஆகும் நேரம்.) நான்கு விஷயம் வேண்டும்: வெளியே தெரிந்த அறிகுறி, அதை மறுபடி வரவழைக்கும் ஜாப் (கருவிக்குக் கொடுக்கும் சோதனை வேலை) அமைப்பு, எந்தக் கமிட்டிலிருந்து இந்த பக் இருக்கிறது என்பது, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த எண்கள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். பழைய கமிட்டின் ஹாஷில் (அதன் அடையாளக் குறியில்) முதல் 12 எழுத்தாவது குறிப்பிட்டிருந்தால், கைவசம் உள்ள பழைய ரிப்போர்ட்டுகளில் எவையெல்லாம் சந்தேகத்துக்கு உரியவை என்று பயனர்களுக்குத் தெரியும். எந்தக் கமிட் என்று தெரியாவிட்டால் கிட் பைசெக்ட் (பக் புகுந்த கமிட்டைப் பாதி பாதியாகத் தேடும் கட்டளை) ஓட்டச் சொல்லுங்கள். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்து பில்டில் முடிந்துவிடும்.

ஒரே பேட்ச்சில் பக் சரிசெய்தலும் இடைவெளி சீர்ப்படுத்தலும் மாறியின் பெயர் மாற்றமும் கலந்து வந்தால் பிரித்து அனுப்பச் சொல்வதே நல்லது. வெற்று இடைவெளி மாற்றங்களை மறைத்துவிட்டு டிஃப் பார்க்கலாம்தான். ஆனால் பின்னாளில் இந்த ஒரு வரியை மட்டும் பழைய கிளைக்குக் கொண்டுபோக வேண்டியவர் திண்டாடுவார்.

ஒரு பேட்ச்சைக் கடைசிவரை பின்தொடர்வது

இப்படி ஒரு பேட்ச் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லேட்டன்சியை நானோவிநாடியில் 32-பிட் குறியில்லா எண்ணில் வைத்திருந்தார்கள். அதை 64-பிட்டாக மாற்றுகிறார்கள். ஒரே வரி. பார்த்தவுடன் சரி என்று சொல்லத் தோன்றும்.

முதலில் கணக்கு. 32-பிட்டில் அடங்குவது 4,294,967,295 வரை. (நானோவிநாடியை மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதினால் விநாடி, மில்லி, மைக்ரோ எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும், லட்சம் கோடி கணக்கு இங்கே உதவாது.) அதாவது 4.29 விநாடிக்கு மேல் போனால் எண் சுற்றிக்கொண்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரு ஐஓ சரியாக 5 விநாடி எடுத்தால் 5,000,000,000 கழித்தல் 4,294,967,296, அதாவது 705,032,704. ரிப்போர்ட்டில் 705 மில்லிவிநாடி என்று வரும். டிரைவ் தொங்கிக் கிடந்திருக்கிறது, ரிப்போர்ட்டோ "கொஞ்சம் மெதுவு" என்கிறது.

ஆக எதிர்பார்ப்பு தெளிவு: பேட்ச்சுக்கு முன் 705, பின் 5,000. 4.29 விநாடிக்குக் கீழே உள்ள எந்த எண்ணும் அசையக் கூடாது. ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஐஓ) அசையவே கூடாது, ஏனென்றால் அது எண்ணிக்கையை நேரத்தால் வகுத்து வருவது. லேட்டன்சி மாறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி அந்த எண் பிறந்த இடத்திலிருந்து அச்சாகும் இடம்வரை நடந்து பாருங்கள். டிஃப்பில் தெரியாத வரிகள்தான் இங்கே முக்கியம். இரண்டு நேரங்களின் வித்தியாசத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் என்ன வகை எண்ணைத் தருகிறது? அது 32-பிட்டாகவே இருந்தால், வாங்கும் மாறியை அகலமாக்கி என்ன பயன்? அடுத்து ஹிஸ்டோகிராமில் (லேட்டன்சிகளை அளவுவாரியாகக் கட்டங்களில் எண்ணி வைக்கும் அட்டவணையில்) எந்தக் கட்டம் என்று கண்டுபிடிக்கும் ஃபங்ஷனின் பாராமீட்டர். பிறகு குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் வைத்திருக்கும் இடம். பிறகு லேட்டன்சி லாக். பிறகு கிளையன்ட்-சர்வர் முறையில் வலைவழியே அனுப்பும் இடம். கடைசியாக அச்சிடும் இடம். அதுவும் சாதாரண வெளியீடு, ஸ்கிரிப்ட்டுகள் படிப்பதற்கான டெர்ஸ், ஜேசன் வடிவங்கள் என்று மூன்று. இதில் ஒன்று விட்டுப்போனாலும் பக் ஒழியாது, இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும்.

வழியில் எங்காவது குறியுள்ள 32-பிட் எண் ஒளிந்திருந்தால் விளைவு இன்னும் விசித்திரமாக இருக்கும். 2,147,483,647-ஐத் தாண்டியதும் எண் எதிர்மறையாகும். அதை 64-பிட் குறியில்லா எண்ணில் போட்டால் சுமார் 584 ஆண்டு லேட்டன்சி என்று வரும். இது ஒருவகையில் நல்ல பக். யாருக்கும் கண்ணில் படாமல் போகாது.

தாமதம் எவ்வளவு என்று நமக்குத் தெரிந்த டிவைஸ்

இதையெல்லாம் உண்மையான எஸ்எஸ்டியில் சோதிக்க நினைக்காதீர்கள். எஸ்எஸ்டியின் சரியான லேட்டன்சி யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அளக்கவே தேவையில்லை. கடிகாரத்தைச் சோதிக்க வேண்டும் என்றால் சரியான நேரம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? லினக்ஸில் அதற்கு வழி இருக்கிறது: டிவைஸ் மேப்பரின் டிலே டார்கெட். ஒவ்வொரு ஐஓவையும் நாம் சொன்ன நேரம் தாமதப்படுத்தி அடியில் உள்ள டிவைஸுக்கு அனுப்பும்.

அடியில் நல்-பிளாக் மாட்யூல் தரும் போலி டிவைஸை வையுங்கள். அது உடனடியாகப் பதில் சொல்லும். பிளாக்டெவ் கருவியின் கெட்-எஸ்-இசட் விருப்பம் 512 பைட் செக்டர் கணக்கில் அளவைத் தரும். டிஎம்செட்அப் கருவி மூலம் புதிய டிவைஸ் உருவாக்கும்போது அட்டவணை வரியில் வரிசையாக இவை வேண்டும்: தொடக்கம் 0, செக்டர் எண்ணிக்கை, டிலே என்ற சொல், அடி டிவைஸின் பாதை, ஆஃப்செட் 0, தாமதம் 5000. தாமதம் மில்லிவிநாடியில். இப்படி ஒரே ஒரு தொகுதி கொடுத்தால் ரீட், ரைட் இரண்டுக்கும் அதுவே பொருந்தும்.

ஜாப் அமைப்பு: ரேண்டம் ரீட், பிளாக் அளவு 4 கேஐபி, டைரக்ட் 1, ஐஓடெப்த் (ஒரே சமயத்தில் நிலுவையில் வைக்கும் ஐஓக்கள்) 16, நேர அடிப்படையில் 60 விநாடி, எஞ்சின் (ஐஓவைக் கெர்னலுக்கு அனுப்பும் முறை) லிப்ஏஐஓ அல்லது ஐஓ-யூரிங். டைரக்ட் போட மறந்தால் பேஜ் கேச் (கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் நகல்) குறுக்கே வந்து பதில் சொல்லிவிடும். சிங்க் வகை எஞ்சின் போட்டால் ஐஓடெப்த் 16 என்று எழுதியது வெறும் அலங்காரம். ஒரு சமயத்தில் ஒரே ஐஓதான் போகும்.

இப்போது லிட்டிலின் விதியை எடுங்கள்: நிலுவையில் உள்ள ஐஓக்களின் எண்ணிக்கை, ஐஓபிஎஸ்ஸையும் சராசரி லேட்டன்சியையும் பெருக்கினால் வருவதற்குச் சமம். 16-ஐ 5-ஆல் வகுத்தால் 3.2 ஐஓபிஎஸ். 60 விநாடியில் 192 ஐஓ, ஓரத்தில் ஒரு சுற்று முன்பின் இருக்கலாம். பழைய பைனரியை ஓட்டினால் ஐஓபிஎஸ் 3.2 என்றே வரும், லேட்டன்சி மட்டும் 0.705 விநாடி. பெருக்கினால் 2.26. பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டேகால். கருவி தன் வாயாலேயே மாட்டிக்கொள்கிறது. இந்தப் பெருக்கல் பத்து விநாடி வேலை. லேட்டன்சி, கியூ, ரேட் எதைத் தொட்ட பேட்ச்சாக இருந்தாலும் முதலில் இதைப் போட்டுப் பாருங்கள். கியூ எப்போதும் நிறைந்திருக்கும் ஓட்டத்துக்கு மட்டும்தான் இது செல்லும். ரேட் கட்டுப்பாடோ (விநாடிக்கு இத்தனை ஐஓ என்ற வரம்பு) திங்க்டைமோ (ஐஓக்களுக்கு நடுவே வேண்டுமென்றே காத்திருப்பது) போட்டால் பெருக்கற்பலன் ஐஓடெப்த்தை விடக் குறைவாக வருவது இயல்பு.

எல்லையின் இருபுறமும் ஓட்டுவது கட்டாயம். தாமதம் 4200 ஒரு முறை, 4400 ஒரு முறை. பழைய பைனரி 4400-க்கு 105 மில்லிவிநாடி காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பக் நாம் நினைத்த இடத்தில் இல்லை. குறியுள்ள எண்ணின் எல்லைக்காக 2100, 2200 இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிய பைனரியில் பெர்சன்டைலை (இத்தனை சதவீத ஐஓ இந்த நேரத்துக்குள் முடிந்தது என்று சொல்லும் எண்ணை) பார்த்துச் சிலர் குழம்புவார்கள். குறைந்தபட்ச லேட்டன்சி 5,000 மில்லிவிநாடிக்குச் சற்று மேலே. ஆனால் ஜேசனில் பெர்சன்டைல் 4,999,610,368 நானோவிநாடி. குறைந்தபட்சத்தை விடக் குறைவான பெர்சன்டைல் எப்படி? ஃபியோ ஒவ்வொரு மாதிரியையும் தனியாகச் சேமிப்பதில்லை, கட்டங்களில் எண்ணி வைக்கிறது. இரண்டின் அடுக்கு ஒவ்வொன்றுக்கும் 64 கட்டம். 5 விநாடி விழும் கட்டத்தின் அகலம் 67,108,864 நானோவிநாடி. அந்தக் கட்டத்தின் நடு மதிப்பைத்தான் அச்சிடுகிறது. பிசகு 0.78 சதவீதத்துக்குள் அடங்கும். இது பேட்ச்சின் குற்றமல்ல. அதேபோல் தாமதத்தை 20 விநாடியாக்கினால் அதிகபட்சம் 20 விநாடி என்று சரியாக வரும், பெர்சன்டைல்கள் மட்டும் 17,113 மில்லிவிநாடியில் முட்டி நிற்கும். ஹிஸ்டோகிராமின் கடைசிக் கட்டம் அது. இந்த எண்ணை ரிப்போர்ட்டில் பார்த்தாலே "கட்டம் நிரம்பிவிட்டது, உண்மை இதற்கும் மேலே" என்று படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இது தெரியாமல் பேட்ச்சைத் திருப்பி அனுப்பினால் எழுதியவர் ஒரு வாரம் இல்லாத பக்கைத் தேடுவார்.

நல்ல எண் வந்தால் இரட்டிப்பு சந்தேகம்

ஆஃப்செட் கணக்கில் வரும் பக்குகள் இதைவிட ஆபத்தானவை, ஏனென்றால் அவை டிரைவை வேகமாகக் காட்டும். பிளாக் எண்ணை பிளாக் அளவால் பெருக்கி ஆஃப்செட் எடுக்கிறோம். இரண்டுமே 32-பிட் என்றால், விடையை 64-பிட் மாறியில் வைத்தாலும் பெருக்கல் 32-பிட்டிலேயே நடந்து முடிந்துவிடும். 1,048,576-ஆவது பிளாக்கை 4,096-ஆல் பெருக்கினால் சரியாக 4 ஜிஐபி. 32-பிட்டில் அது பூஜ்யம். 1 டிஐபி டிரைவ் முழுக்க ரேண்டமாக அலைவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, ஐஓ எல்லாம் முதல் 4 ஜிஐபிக்குள்ளேயே சுற்றும். அந்த அளவு கன்ட்ரோலரின் கேச்சுக்குள் அடங்கிவிடலாம். ஐஓபிஎஸ் எகிறும், எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இத்தகைய பேட்ச்சைச் சரிபார்க்க வேகத்தைப் பார்த்துப் பயனில்லை, ஐஓ எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பிளாக்-ட்ரேஸ் (டிவைஸுக்குப் போகும் ஐஓக்களைப் பதிவுசெய்யும் கருவி) போட்டு செக்டர் எண்களை எடுத்து, அதிகபட்ச செக்டர் டிவைஸின் முனைக்கு அருகே வருகிறதா என்று பாருங்கள். டிவைஸைப் பத்துப் பங்காகப் பிரித்து எண்ணினால் ஒவ்வொரு பங்கிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஐஓ இருக்க வேண்டும். நல்-பிளாக் டிவைஸுக்கு 1 டிஐபி என்று அளவு சொல்லி உருவாக்கலாம். தரவைச் சேமிக்காத முறையில் அது நினைவகத்தைத் தின்னாது.

டிஃப்பில் கவனிக்க வேண்டியது டைப் மாற்றம் எங்கே போடப்பட்டிருக்கிறது என்பது. பெருக்கற்பலனை அடைப்புக்குறிக்குள் வைத்து வெளியே 64-பிட் மாற்றம் போட்டிருந்தால் வேலைக்கு ஆகாது. பெருக்கப்படும் இரண்டில் ஒன்றை மாற்றியிருக்க வேண்டும். பலமுறை வரும் தவறு இது.

எழுதப்படாத பகுதியைப் படிப்பதும் இதே வகை ஏமாற்று. ட்ரிம் செய்த (இந்தப் பகுதியில் தரவு தேவையில்லை என்று அறிவித்த) எஸ்எஸ்டியில் ரீட் வந்தால் கன்ட்ரோலர் பெரும்பாலும் ஃபிளாஷைத் தொடாமலே பூஜ்யத்தைத் திருப்பித் தரும். "பேட்ச் போட்டபின் ரீட் வேகம் கூடியது" என்று கமிட் செய்தி சொன்னால், இரண்டு ஓட்டத்துக்கும் டிரைவ் ஒரே நிலையில் இருந்ததா என்று கேளுங்கள்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

லேட்டன்சி என்பது இரண்டு நேரங்களின் வித்தியாசம். எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதில்தான் வம்பு. டிஃப் எதைத் தொட்டாலும் மூன்று இடத்தைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது, மறுமுயற்சி. கெர்னல் "இப்போது முடியாது, பிறகு வா" என்று ஐஓவைத் திருப்பி அனுப்பினால் கருவி அதை வரிசையில் மறுபடி போடும். அப்போது தொடக்க நேரத்தையும் புதிதாக எழுதினால், காத்திருந்த நேரம் கணக்கிலிருந்தே மறைந்துபோகும். கேட்ட அளவைவிடக் குறைவாகப் படித்துவிட்டு மீதிக்குத் திரும்பப் போகும் ஐஓவிலும் இதே கேள்வி வரும். கூடவே, அது ஒரு ஐஓவாக எண்ணப்படுகிறதா இரண்டாகவா என்பதும்.

இரண்டாவது, ராம்ப் நேரம். முதல் 10 விநாடியைத் தள்ளிவிட்டு அளக்கத் தொடங்கும்போது எண்ணிக்கை, பைட், லேட்டன்சி, தொடக்க நேரம் நான்கும் ஒன்றாகப் பூஜ்யமாக வேண்டும். எண்ணிக்கையைத் துடைத்துவிட்டு நேரத்தைத் துடைக்க மறந்தால் 30 விநாடி ஓட்டம் 40 விநாடியால் வகுபடும். ஐஓபிஎஸ் சரியாகக் கால்வாசி குறையும். ராம்ப் காலத்தில் அனுப்பி அதற்குப் பின் முடிந்த ஐஓவைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் எந்த முடிவானாலும் சரி, எல்லாக் கணக்கிலும் ஒரே முடிவாக இருக்கட்டும். பிளாக் அளவு மாறாத ஓட்டத்தில் ஜேசனில் உள்ள மொத்த பைட், மொத்த ஐஓ பெருக்கல் 4,096-க்குச் சமமா என்று பார்த்தால் பாதி பக் வெளியே வந்துவிடும். வெளிச் சாட்சியும் உண்டு: ப்ராக் அடைவில் உள்ள டிஸ்க்ஸ்டாட்ஸ் கோப்பை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து, படித்த செக்டர்களின் வித்தியாசத்தை 512-ஆல் பெருக்குங்கள். ராம்ப் இல்லாத டைரக்ட் ஓட்டத்தில் அது கருவி சொன்ன பைட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, ரேட் கட்டுப்பாடு. விநாடிக்கு 1,000 ஐஓ அனுப்ப வேண்டும், 60 விநாடி ஓட்டம், நடுவில் டிரைவ் ஒரு விநாடி முழுக்க நின்றுவிட்டது. முந்தைய ஐஓ முடிந்தபின்தான் அடுத்தது என்று கருவி இருந்தால், அந்த ஒரு விநாடிக்கு ஒரே ஒரு மோசமான மாதிரிதான் பதிவாகும். அறுபதாயிரத்தில் ஒன்று என்பதால் 99-ஆவது பெர்சன்டைலுக்கு அதன் வாடையே அடிக்காது. அனுப்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து அளந்தால் ஏறத்தாழ ஆயிரம் மாதிரிகள் 0 முதல் 1 விநாடிவரை பரவும். தேங்கியது தீர ஆகும் நேரத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும் 99-ஆவது பெர்சன்டைல் 400 மில்லிவிநாடியை ஒட்டி வரும். ஒன்று மைக்ரோவிநாடியில், மற்றொன்று நூற்றுக்கணக்கான மில்லிவிநாடியில்! இரண்டில் எது சரி என்பது எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆனால் பேட்ச் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சத்தமில்லாமல் மாறினால் அதைச் சரிசெய்தல் என்று சொல்ல முடியாது, நடத்தை மாற்றம். தனி விருப்பமாக வரட்டும்.

கடிகாரம் எது என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். சுவர்க் கடிகார நேரத்தை எடுத்தால், என்டிபி (வலைவழியே கணினியின் நேரத்தைச் சரிசெய்யும் முறை) நேரத்தைப் பின்னே தள்ளித் திருத்தும் நொடியில் லேட்டன்சி எதிர்மறையாகலாம். ஒருபோதும் பின்னே போகாத மோனோடோனிக் கடிகாரம்தான் வேண்டும்.

பல ஜாப்களைச் சேர்க்கும் இடம்

நான்கு ஜாப் ஓட்டி ஒரே ரிப்போர்ட்டாகச் சேர்க்கும் கோடில் பேட்ச் கைவைத்திருந்தால் சின்ன எண்களால் கையில் கணக்குப் போடுங்கள். ஒரு ஜாப்பில் 100 மாதிரி, சராசரி 10 மில்லிவிநாடி. இன்னொன்றில் 10,000 மாதிரி, சராசரி 0.1. நேராகச் சராசரி எடுத்தால் 5.05, சரியான விடை 0.198. பெர்சன்டைலுக்குச் சராசரியே கிடையாது. ஒரு ஜாப்பில் ஆயிரமும் 1 மில்லிவிநாடி, மற்றொன்றில் ஆயிரத்தில் 15 மட்டும் 100 மில்லிவிநாடி என்றால் தனித்தனி 99-ஆவது பெர்சன்டைல் 1, 100. இரண்டையும் கூட்டி வகுத்து 50.5 என்பது அபத்தம். சேர்ந்த இரண்டாயிரத்தில் 15 என்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே விடை 1. கட்டங்களைக் கட்டத்தோடு கூட்டியபின்தான் பெர்சன்டைல் எடுக்க வேண்டும்.

மாதிரியே இல்லாத ஜாப்பையும் ஓட்டிப் பாருங்கள், உதாரணமாக ரைட் மட்டும் செய்யும் ஜாப்பின் ரீட் பகுதி. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து வரும் விடையை ஜேசனில் எழுத இடமில்லை; படிக்கும் ஸ்கிரிப்ட் அங்கேயே விழும்.

ஃபியோவுக்கே உரிய கண்ணி ஒன்று உண்டு. இயல்பாக அது ஒவ்வொரு ஜாப்பையும் தனி ப்ராசஸாகப் பிரிக்கும்; த்ரெட் விருப்பம் போட்டால்தான் த்ரெட். ப்ராசஸ் பிரிந்தபின், மாலோக் (சி மொழியின் வழக்கமான ஒதுக்கீட்டு ஃபங்ஷன்) மூலம் வாங்கிய நினைவகத்தில் குழந்தை ப்ராசஸ் எழுதியது தாய்க்குத் தெரியாது. பகிர்ந்த நினைவகத்துக்கென்று தனி ஒதுக்கீட்டு ஃபங்ஷன் இருக்கிறது. த்ரெட் முறையில் மட்டும் சோதித்து அனுப்பிய பேட்ச் இங்கே மாட்டிக்கொள்ளும். இரண்டு முறையிலும் ஓட்டுங்கள்.

வெரிஃபை பேட்ச்

எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் பகுதியில் மாற்றம் என்றால் "பிழை எதுவும் வரவில்லை" என்பது சோதனையே அல்ல. சரிபார்ப்பையே தவறுதலாக அணைத்துவிட்ட பேட்ச்சும் பிழை காட்டாது. பிழையை நாமே நட்டுவைக்க வேண்டும்: சிஆர்சி32சி செக்சம்முடன் ஒரு கோப்பை எழுதுங்கள், டிடி (பைட்டுகளை நகலெடுக்கும் கட்டளை) மூலம் நடுவில் ஒரு பைட்டை மாற்றுங்கள், வெரிஃபை மட்டும் ஓட்டுங்கள். கருவி சரியான ஆஃப்செட்டைச் சொல்லித் தோற்க வேண்டும், வெளியேறும் குறியீடும் பூஜ்யமாக இருக்கக் கூடாது. டிடியில் கான்வ் விருப்பத்துக்கு நோட்ரங்க் கொடுக்க மறக்காதீர்கள்; மறந்தால் கோப்பே அந்த இடத்தில் வெட்டுப்பட்டு, நாம் தேடாத வேறு பிழை வரும். ஒரு பைட்டைத் தலைப்பிலும் ஒன்றைத் தரவிலும் தனித்தனியாகக் கெடுத்துப் பாருங்கள். இரண்டையும் சரிபார்ப்பது வெவ்வேறு கோட்.

பேட்ச்சின் சொந்த எடை

ஒவ்வொரு ஐஓவுக்கும் ஓடும் பாதையில் ஒரு வரி சேர்ந்தாலும் அதற்கு விலை உண்டு. ஒரு கோரில் விநாடிக்குப் பத்து லட்சம் ஐஓ என்றால் ஒரு ஐஓவுக்குக் கிடைப்பது 1,000 நானோவிநாடி. அதில் 25 போனால் இரண்டரை சதவீதம். இதை அளக்க நல் எஞ்சின் போதும். அது டிவைஸைத் தொடவே தொடாது, ஆகவே வருவதெல்லாம் கருவியின் செலவுதான். பழைய பைனரி, புதிய பைனரி இரண்டையும் ஒரே கம்பைலர் விருப்பங்களோடு தனித்தனி அடைவில் கட்டி, ஒரே கோரில் கட்டிப்போட்டு, மாற்றி மாற்றி ஓட்டுங்கள்: பழையது, புதியது, பழையது, புதியது. முதலில் ஐந்து பழையது, பிறகு ஐந்து புதியது என்று ஓட்டினால் சூடேறிய சிபியுவின் வேகக் குறைவு புதியதன் தலையில் விழும்.

உண்மையான எஸ்எஸ்டியில்தான் காட்டியாக வேண்டும் என்றால், ஸ்னியா என்ற சேமிப்பகத் தொழில் அமைப்பின் சோதனை வரையறையைப் பின்பற்றச் சொல்லுங்கள்: டிரைவை இருமடங்கு கொள்ளளவுக்கு எழுதி நிரப்பியபின், ஐந்து சுற்றில் அளவுகளின் ஏற்ற இறக்கம் சராசரியின் 20 சதவீதத்துக்குள்ளும் போக்குக் கோட்டின் சாய்வு 10 சதவீதத்துக்குள்ளும் அடங்க வேண்டும். இரண்டு ஓட்டத்துக்கும் வித்தியாசம் 4.86 சதவீதம் என்று வந்தால் டிரைவைத் தேடாதீர்கள். எம்பிக்கும் (10 லட்சம் பைட்) எம்ஐபிக்கும் (1,048,576 பைட்) உள்ள இடைவெளி அது. ஜிபி என்றால் 7.37, கேபி என்றால் 2.4.

கம்பைலர் செய்யும் வேலையை நாம் செய்ய வேண்டாம்

அட்ரஸ் சானிடைசர், அன்டிஃபைன்ட் சானிடைசர் (ஓடும்போதே தவறுகளைப் பிடிக்கக் கம்பைலர் சேர்க்கும் சோதனைகள்) இரண்டையும் போட்டு ஒரு பில்ட். ஆனால் பின்னது குறியுள்ள எண்ணின் வழிதலைத்தான் பிடிக்கும். குறியில்லா எண் சுற்றிக்கொள்வது சி மொழியில் அனுமதிக்கப்பட்டது என்பதால் மேலே பார்த்த 705 மில்லிவிநாடியை அது கண்டுகொள்ளாது. க்ளாங் கம்பைலரில் அதற்கெனத் தனி விருப்பம் இருக்கிறது, தனியாகக் கேட்டால்தான் ஓடும். 32-பிட் பில்டும் ஒன்று போடுங்கள். அச்சிடும் வடிவக் குறிகளின் தவறு அங்கேதான் எச்சரிக்கையாக வெளிவரும். இன்னொன்று: 32-பிட் கணினியில் 64-பிட் எண்ணை எழுதுவது இரண்டு படியாக நடக்கலாம். ஒரு த்ரெட் எழுதிக்கொண்டிருக்கும்போதே திரையில் முன்னேற்றம் காட்டும் த்ரெட் படித்தால் பாதி பழையது, பாதி புதியது. அகலமாக்கிய பேட்ச் புதிதாகக் கொண்டுவரும் பக் இது.

பேட்ச்சோடு சோதனையும் வந்திருந்தால் திருத்தத்தை மட்டும் பின்வாங்கி, சோதனையை வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். சோதனை தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால் அது எதையும் சோதிக்கவில்லை.

வெளியீடும் கட்டமைப்பும்

டெர்ஸ் வெளியீட்டில் புலங்களுக்குப் பெயர் கிடையாது, இடம்தான். நடுவில் ஒன்றைச் செருகினால் உலகெங்கும் உள்ள ஸ்கிரிப்ட்டுகள் அடுத்த புலத்தை எடுத்துப் படிக்கும், புகாரே வராது. ஜேசனில் புதிய சாவி சேர்ப்பதால் தொல்லை இல்லை. இருக்கும் சாவியின் அலகை மாற்றக் கூடாது. ஃபியோவில் புள்ளிவிவர ஸ்ட்ரக்டிலோ விருப்ப ஸ்ட்ரக்டிலோ ஒரு புலம் மாறினால் வலைவழிப் பரிமாற்றத்தில் பைட் வரிசை மாற்றும் கோடும் மாற வேண்டும், சர்வர் பதிப்பு எண்ணும் ஒன்று ஏற வேண்டும். பதிப்பு எண் ஏறினால் பழைய கிளையன்ட் பொருந்தாது என்று சொல்லி நின்றுவிடும். ஏறாவிட்டால் குப்பையைப் படித்து ரிப்போர்ட் போடும். புதிய விருப்பம் என்றால் ஹவ்-டு ஆவணம், மேன் பக்கம் இரண்டிலும் வரி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ரிவ்யூ கருத்தில் "இது சரியாகப் படவில்லை" என்று எழுதாதீர்கள். "தாமதம் 4400, ஐஓடெப்த் 16, கிளையன்ட்-சர்வர் முறையில் அதிகபட்சம் இன்னும் 105 மில்லிவிநாடி காட்டுகிறது, தனி ஓட்டத்தில் சரி, அனுப்பும் இடத்தில் 32-பிட் மாற்றம் மிச்சமிருக்கிறது" என்று எழுதினால் அடுத்த பதிப்பு அன்றைக்கே வரும். மாற்றியே ஆக வேண்டியது எது, விருப்பமிருந்தால் மாற்றலாம் என்பது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டாம் பதிப்பு வந்ததும் முழுதும் மறுபடி படிக்க வேண்டாம். கிட் ரேஞ்ச்-டிஃப் இரண்டு பதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும். ஆனால் 4200, 4400 ஓட்டங்களை மறுபடி ஓட்டுங்கள். ஓட்டியிருந்தால் மட்டும் சோதித்தவர் என்று பெயர் போடுங்கள். கோடை மட்டும் படித்திருந்தால் ரிவ்யூ செய்தவர் என்ற வரி போதும்.